கோமாரி பரவும்போது தூண்டில் போடுவதை நிறுத்த வேண்டுமா?

ஆற்றோரன்:

மேலாற்றுப் பக்கம் ஒரு பண்ணையில் கோமாரி உறுதியாகிவிட்டது. நாம் வழக்கமாக உட்காரும் கரைகள், அந்தப் பண்ணையைச் சுற்றி அரசு வரைந்த கட்டுப்பாட்டு வளையத்துக்கு வெளியேதான் இருக்கின்றன. சட்டப்படி நமக்குத் தடை எதுவும் இல்லை, சங்கமும் இன்னும் அறிவிப்பு கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கரைகளில் பாதி மேய்ச்சல் நிலம். மாடு நின்ற சேற்றை மிதிக்காமல் தண்ணீருக்கு அருகில் போக முடியாது.

மீனுக்குக் கோமாரி வராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. என் கேள்வி நம் காலணியைப் பற்றியது. நோய் அடங்கும்வரை மாடு, ஆடு, பன்றி இருக்கும் எந்தக் கரைக்கும் நாமாகவே போகாமல் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தடை வரும்வரை காத்திருப்பது சரியாகப் படவில்லை. உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

மிதவை:

நண்பரே, உங்கள் அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை.

2001-ல் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். நார்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணை. சரியாகக் காய்ச்சாத எச்சில் உணவைப் பன்றிகளுக்குப் போட்டதால் அங்கே நோய் வந்தது என்றார்கள். அங்கிருந்து பக்கத்துப் பண்ணை ஆடுகளுக்குத் தொற்றியது. அந்த ஆடுகள் ஹெக்ஸாம் சந்தைக்குப் போயின, பிறகு லாங்டவுன் சந்தைக்கு, பிறகு வியாபாரிகளின் லாரிகளில் நாடெங்கும். பிப்ரவரி 20-ஆம் தேதி முதன்முதலாக நோய் உறுதியானபோதே குறைந்தது 57 பண்ணைகளில் தொற்று இருந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். கால்நடைகளை இடம் மாற்றத் தடை வந்தது 23-ஆம் தேதி. நோயைக் கொண்டுபோனது சந்தையும் லாரியும். தூண்டில்காரன் எங்கே வருகிறான் இதில்?

அடுத்து என்ன செய்தார்கள்? நாடு முழுவதும் நடைபாதைகளை மூடினார்கள். ஆற்றங்கரைகள் வெறிச்சோடின. கிராமத்துப் பயணத் தொழில் படுத்தது. விவசாயத்தைவிட அந்தத் துறை அதிகம் இழந்தது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பாதைகளையும் அடைத்தது தவறு என்று அரசே அமைத்த விசாரணை அடுத்த ஆண்டில் சொன்னது. அந்தப் பாடத்தை மறந்துவிட்டு மறுபடியும் 'எல்லோரும் வீட்டில் இருங்கள்' என்று நாமே தொடங்க வேண்டுமா?

பட்டிக்காரி:

நான் தூண்டில் பிடிப்பவள் அல்ல. என் நிலத்தின் ஓரமாக ஆறு ஓடுகிறது. உங்கள் சங்கத்தைப் போன்ற ஒரு சங்கம் என்னிடம் கரையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. அதனால்தான் இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

மிதவை ஐயா, 2001-ன் கணக்கை முழுவதுமாகச் சொல்லுங்கள். நோய் உறுதியான இடங்கள் 2,026. கால்நடைகள் கொல்லப்பட்ட பண்ணைகளோ சுமார் 10,000. மொத்தம் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். அவற்றில் பெரும்பாலானவை நோயே வராதவை. பக்கத்துப் பண்ணையில் நோய் வந்தது என்பதற்காகவும், மேய்ச்சலுக்கு இடமில்லாமல் சேற்றில் அடைந்து கிடந்தன என்பதற்காகவும் கொன்றார்கள். இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் வேலியே இல்லாமல் மேயும் ஆடுகள் இருக்கின்றன. தன் மலை எது, எல்லை எது என்பதைத் தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்ளும். அப்படி ஒரு மந்தை அழிந்துவிட்டால் சந்தையில் ஆடு வாங்கி ஈடுசெய்ய முடியாது, வாங்கிய ஆட்டுக்கு அந்த மலை தெரியாது. இழப்பீடு எவ்வளவு வந்தாலும் அது திரும்பாது.

என் தொழுவத்தில் இருப்பவை நானே கன்றாகக் கையில் வாங்கி வளர்த்தவை. நோயைக் கொண்டுவருபவர் நீங்களாக இருக்க நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறு வாய்ப்பை ஏற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டியது நானா, மீன் பிடிக்க வருபவரா?

நான்குகுளம்பு:

கால்நடை மருத்துவராக இருப்பதால் சில விவரங்களைச் சேர்க்கிறேன். இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டும் வெவ்வேறு கட்டங்களைப் பற்றியவை.

மிதவை சொல்வது நோய் பரவலின் தொடக்கம். அப்போது கால்நடைகளின் நடமாட்டம்தான் எல்லாம். தடை வந்து சந்தைகள் மூடிய பிறகு கதை மாறிவிடுகிறது. 2001-ல் அதற்குப் பிறகு நோய் வந்த பண்ணைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே நோய் கண்ட ஒரு பண்ணையிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் இருந்தன. அந்தத் தூரத்தில் வைரஸைக் கடத்துபவை காற்று, பொதுவான வேலி, வண்டிச் சக்கரம், கருவிகள், மனிதர்களின் உடையும் காலணியும். உங்கள் ரப்பர் பூட்ஸும் அந்தப் பட்டியலில் உண்டு. மேலிடத்தில் இல்லை, ஆனால் உண்டு.

இந்த வைரஸ் குளிரையும் ஈரத்தையும் விரும்பும். கோடையில் மண்ணின் மேற்பரப்பில் மூன்று நாள் தாங்குவது, குளிர்காலம் நெருங்கும்போது நான்கு வாரம் வரை தாங்கும். சாணக்கரைசலில் குளிர்காலத்தில் ஆறு மாதம் வரை உயிரோடு இருந்ததாகப் பதிவு உண்டு. ஆற்றங்கரையில் மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள்: நிழல், ஈரம், சாணம், சிறுநீர் எல்லாம் ஒரே இடத்தில். மீன் பிடிக்கவும் அதே சரிவில்தான் இறங்குவீர்கள், வேறெங்கும் கரை செங்குத்தாக இருக்கும்.

இன்னொன்று, வெளியில் அதிகம் பேசப்படாதது. கொப்புளம் தெரிவதற்கு முன்பே மாடு வைரஸை வெளியிடத் தொடங்கிவிடும். ஆடுகளில் அறிகுறி மிக லேசாக இருப்பதால் உரிமையாளருக்கே தெரியாமல் போகலாம். ஆகவே 'அந்தக் கரையில் இருந்த மாடுகள் நன்றாகத்தான் இருந்தன' என்பது ஆதாரம் ஆகாது. நோய் கண்ட கால்நடைகளோடு நெருங்கி இருந்த மனிதரின் மூக்கில் 28 மணி நேரம் வரை வைரஸ் இருந்ததாகப் பழைய பரிசோதனை ஒன்று காட்டியது. கரையோரம் நடந்துபோகிறவருக்கு அந்த அளவு நெருக்கம் ஏற்படாது, ஆகவே தூண்டில்காரரின் மூச்சைப் பற்றி நான் கவலைப்படவில்லை. என் கவலை சேறு.

மிதவை:

மருத்துவர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அதே தர்க்கப்படி பால் வண்டி தினமும் பத்துப் பண்ணைக்குப் போகிறது. தீவன லாரி போகிறது. கருவூட்டல் செய்பவர் போகிறார். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, மாட்டைத் தொடாமல் கரையோரம் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நிறுத்துவதால் ஆபத்து எத்தனை குறையும்?

பட்டிக்காரி:

பால் வண்டி வராவிட்டால் பாலைக் கீழே கொட்ட வேண்டும். தீவனம் வராவிட்டால் மாடு பட்டினி. அந்த ஆபத்தை வேறு வழியில்லாமல் ஏற்கிறேன், சக்கரத்துக்கு மருந்தடித்துத்தான் உள்ளே விடுகிறேன். நீங்கள் வராவிட்டால் என் மாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

புதுத்தூண்டில்:

இரண்டு சந்தேகங்கள். வீட்டில் தரை துடைக்கும் கிருமிநாசினியில் பூட்ஸை முக்கி எடுத்தால் போதுமா? நான் போவது ஊருக்குள் இருக்கும் ஒரு குளம், சுற்றிலும் கட்டடங்கள், ஓர் ஆடுகூடக் கிடையாது. நானும் நிறுத்த வேண்டுமா?

நான்குகுளம்பு:

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். உங்கள் குளத்துக்கு நிம்மதியாகப் போகலாம். நோய் தொற்றக்கூடியவை குளம்பு பிளந்தவை: மாடு, எருமை, ஆடு, பன்றி, மான். அவை இல்லாத இடத்திலிருந்து அவை இல்லாத இடத்துக்குப் போகும் பாதையில் வைரஸுக்கு வேலை இல்லை. ஒரே நிபந்தனை, அங்கே போட்டுச் செல்லும் பூட்ஸை வேறு கரைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கிருமிநாசினியில் கவனம் தேவை. ஃபீனால் வகைகளும், தரைக்குப் பயன்படுத்தும் அமோனியம் சேர்மங்களும், ப்ளீச்சும் இந்த வைரஸிடம் நம்பகமாக வேலை செய்யாது. சேறும் சாணமும் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். இந்த வைரஸின் பலவீனம் அமில-காரத் தன்மையில் இருக்கிறது. பி.எச். 6-க்குக் கீழே போனாலும் 9-க்கு மேலே போனாலும் அது சிதைந்துவிடும். அதனால்தான் 4 சதவீதச் சலவைச் சோடாக் கரைசலையும் சிட்ரிக் அமிலக் கரைசலையும் பரிந்துரைக்கிறார்கள். மலிவானவை, எங்கும் கிடைப்பவை.

வரிசை முக்கியம். முதலில் தண்ணீரும் தூரிகையும் கொண்டு சேற்றை முழுவதும் நீக்குங்கள். அடிப்பாகத்துப் பள்ளங்களில் ஒட்டியிருப்பதைக் குச்சியால் எடுங்கள். அதன்பிறகே கரைசல். உடனே துடைத்துவிடாமல் பத்து நிமிடமாவது ஈரமாக இருக்கட்டும். கம்பு ஊன்றும் தாங்கி, மடக்கு நாற்காலியின் கால்கள், மீன்வலையின் பிடி, மண்ணில் வைக்கும் பை ஆகியவற்றுக்கும் இதையே செய்யுங்கள். எல்லோரும் பூட்ஸைக் கழுவிவிட்டு நாற்காலியை மறந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் ஆற்றில் செய்யாதீர்கள். சோடாக் கரைசல் தேங்கிய நீரில் கலந்தால் மீன் சாகும்.

கரைக்காவலன்:

ஒரு தூண்டில் சங்கத்தின் செயலராக எழுதுகிறேன். ஆற்றோரன் கேட்ட அதே கேள்வியை எங்கள் உறுப்பினர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு நெருக்கடிகள். உறுப்பினர் கட்டணம் கட்டியவர்கள், தடை இல்லாத இடத்தில் ஏன் தடுக்கிறீர்கள் என்கிறார்கள். எல்லாக் கரைகளையும் மூடினாலோ சில உடைமையாளர்களுக்கே நட்டம். எங்கள் கரைகளில் இரண்டு, பயிர் மட்டும் செய்பவர்களுடையவை. அவர்களிடம் கால்நடை இல்லை, குத்தகைப் பணம் அவர்களுக்கு வேண்டும். 'எங்களை ஏன் மூடுகிறீர்கள்' என்று அவர்களே கேட்டார்கள்.

வளர்ப்புக் குளங்களிலும் சிக்கல் இருக்கிறது. வெயில் நாளில் காற்றூட்டும் இயந்திரம் நின்றுவிட்டால் விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து குளத்து மீனெல்லாம் செத்து மிதக்கும். யாராவது ஒருவர் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். முழுத் தடை என்று எழுதிவிட்டு அதை மறந்தால் மீன்களைக் கொன்றவர்கள் நாமாகிவிடுவோம்.

நீர்ப்பறவை:

கோமாரியை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். கால்நடை நோய் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே விதி போட முடியாது, நோய்க்கு நோய் பாதை வேறு.

மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவினால் நாம் கரையில் இருப்பதால் பெரிய மாற்றம் இல்லை. அதைக் கடத்துபவை பெரும்பாலும் கடிக்கும் ஈயும் கொசுவும். பறவைக் காய்ச்சல் என்றால் நேர் எதிர்: வாத்தும் அன்னமும் இருக்கும் நீர்நிலைதான் மையம், எச்சத்தை மிதித்துவிட்டுக் கோழிக் கூண்டுக்குப் போகிறவர் கடத்துபவர் ஆகிறார். வீட்டில் கோழி வளர்க்கும் தூண்டில்காரர் அந்தக் காலத்தில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இங்கே பூட்ஸைவிடச் சாப்பாட்டுப் பை ஆபத்தானது. அந்த வைரஸ் உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சியில் மாதக்கணக்கில் தாங்கும். இரவுத் தூண்டிலுக்குப் போகிறவர் இறைச்சி வைத்த ரொட்டியைப் பாதி தின்றுவிட்டுப் புதரில் எறிகிறார், விடிவதற்குள் காட்டுப்பன்றி தின்றுவிடுகிறது. தூண்டிலுக்கு இரையாக இறைச்சித் துண்டு கோப்பவர்கள் மீந்ததைக் கரையில் கொட்டுவதும் அதே கதைதான். மிதவை சொன்ன 2001-ன் தொடக்கமும் உணவுக் கழிவுதானே? 2018-ல் பெல்ஜியத்தின் தென்பகுதிக் காட்டுப்பன்றிகளில் இந்த நோய் வந்தபோது அவர்கள் வேலி போட்டார்கள், செத்த பன்றிகளைத் தேடி அகற்றினார்கள், பாதித்த காடுகளுக்குள் பொதுமக்கள் போவதையும் தடுத்தார்கள். 2020 இறுதியில் நோய் நீங்கிய நாடு என்ற நிலையைத் திரும்பப் பெற்றார்கள். காட்டில் ஆள் நடமாட்டம் இருந்திருந்தால் பன்றிகள் கலைந்து வெளியே ஓடியிருக்கும்.

மிதவை:

நீர்ப்பறவை சொன்னதில் என் வாதத்துக்கும் இடம் இருக்கிறது. செத்த பன்றியைத் தேடி அகற்றினார்கள் என்றீர்கள். ஆற்றங்கரையில் செத்த அன்னத்தையோ, நொண்டும் மானையோ முதலில் பார்ப்பவர் யார்? விடியலில் கரையில் உட்கார்ந்திருப்பவர். எல்லோரையும் வெளியேற்றிவிட்டால் அந்தக் கண்களும் போய்விடும். தடை வளையத்துக்குள் போக வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. வளையத்துக்கு வெளியே, எங்கோ ஒரு நோய் என்பதற்காக நாடு முழுவதும் தூண்டிலைச் சுருட்டச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். பயத்தில் போடும் விதியை மக்கள் இரண்டு வாரம் மதிப்பார்கள். பிறகு ஒருவர் மீறுவார், அவரைப் பார்த்து மற்றவர். உண்மையில் மூட வேண்டிய கரை அப்போது மூடாமல் கிடக்கும்.

ஆற்றோரன்:

நான் நாடு முழுவதும் என்று எழுதவில்லை, மேய்ச்சல் கரை என்றுதான் எழுதினேன். அதையும் இப்போது இன்னும் கூர்மையாகச் சொல்கிறேன்.

இதுவரை படித்ததில் என்னை அதிகம் அசைத்தது பட்டிக்காரி அம்மாவின் கடைசிக் கேள்வி. நாம் எல்லோரும் ஆபத்து எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தோம். அவர் கேட்டது அளவைப் பற்றி அல்ல. இழப்பவர் அவர், அனுபவிப்பவர் நாம். அப்படியிருக்க, ஆபத்து சிறிது என்று தீர்ப்பளிக்கும் உரிமை நமக்கு இல்லை. வளையம் வரைவது அரசின் வேலை. ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 3 கிலோமீட்டர் பாதுகாப்பு வளையம், 10 கிலோமீட்டர் கண்காணிப்பு வளையம். வளையத்துக்கு வெளியே இருக்கும் மேய்ச்சல் கரையில் முடிவு கால்நடை வைத்திருப்பவருடையது. அவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்கக் கூடாது. ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நாம்தான் கேட்க வேண்டும். குதிரைக்கும் கோமாரி வராது. ஆனாலும் 2001-ல் செல்டென்ஹாம் குதிரைப் பந்தயத் திருவிழா ரத்தானது. அதைவிட நம் வார இறுதி பெரிதல்ல.

மிதவை:

'கேட்டுவிட்டுப் போ' என்பது விதியானால் எனக்கு மறுப்பு இல்லை. 'யாரும் போகாதே' என்பதற்கே மறுப்பு.

பட்டிக்காரி:

கேட்பது நேரில் வேண்டாம். கேட்பதற்காகவே படி ஏறி வந்து நிற்பவர்களும் உண்டு. தொலைபேசியில் கேளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள், நாய். தூண்டிலோடு நாயையும் கூட்டி வருகிறார்கள். அதற்கு நோய் வராது, ஆனால் சேறு அதன் காலில் நான்கு மடங்கு ஒட்டும், பூட்ஸைப் போல ஊறவைக்கவும் முடியாது. பட்டியில் எதையாவது கவ்விக்கொண்டு பக்கத்து நிலத்துக்கு ஓடும்.

கரைக்காவலன்:

உங்கள் கருத்துகளை எல்லாம் குழுவில் வைத்தேன். முடிவைச் சொல்கிறேன், பிற சங்கங்களுக்கும் பயன்படலாம்.

அரசு வளையத்துக்குள் எங்கள் கரை எதுவும் திறந்திருக்காது. வளையத்துக்கு வெளியே, கால்நடை மேயும் கரைகளையும், கால்நடை நிற்கும் நிலத்தைக் கடந்து போக வேண்டிய கரைகளையும் இன்று முதல் மூடுகிறோம். உடைமையாளர் எழுத்தில் சம்மதம் தந்தால் மட்டும் திறப்போம். பயிர் நிலக் கரைகளும் ஊர்க் குளங்களும் திறந்திருக்கும், ஆனால் பண்ணையில் வேலை செய்பவர்களும் வீட்டில் கால்நடை வைத்திருப்பவர்களும் அங்கும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். வேறு ஊரிலிருந்து விருந்தாளிகளை அழைத்து வருவது, போட்டிகள் நடத்துவது இரண்டும் நிறுத்தம். பத்துத் திசையிலிருந்து வரும் ஐம்பது ஜோடி பூட்ஸ் ஒரே புல்வெளியில் நிற்பதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. காற்றூட்டும் இயந்திரத்தைப் பார்க்க ஒரே ஒருவர், எப்போதும் அதே ஆள், கரையிலேயே வைத்திருக்கும் பூட்ஸோடு.

மூடிய கரைகளுக்கும் குத்தகை முழுவதும் கொடுக்கப்படும். இதில்தான் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. நிறைவேறியதில் எனக்கு மகிழ்ச்சி.

புதுத்தூண்டில்:

எப்போது திறப்பீர்கள்? புது நோயாளிப் பண்ணை வரவில்லை என்றதும் திறக்கலாமா?

நான்குகுளம்பு:

அவசரப்படாதீர்கள். நோய் தொற்றி அறிகுறி தெரிய இரண்டு முதல் பதினான்கு நாள் ஆகும், ஆகவே ஒரு வாரம் அமைதியாக இருந்தது என்பதற்குப் பொருள் இல்லை. 2001-ல் ஏப்ரலில் எண்ணிக்கை சரியத் தொடங்கியபோது முடிந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். கடைசிப் பண்ணையில் நோய் உறுதியானது செப்டம்பர் 30-ஆம் தேதி. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் 1988-க்குப் பிறகு முதன்முறையாக, பெர்லினுக்கு அருகில் ஓர் எருமை மந்தையில் கோமாரி வந்தது. அது அந்த ஒரே மந்தையோடு நின்றது. ஆனால் மார்ச் மாதத்தில் ஹங்கேரியிலும் ஸ்லோவாக்கியாவிலும் வெவ்வேறு பண்ணைகளில் வந்துவிட்டது.

வளையம் நீங்கிய பிறகும் குளிர்காலமாக இருந்தால் மேய்ச்சல் கரைகளுக்குக் கூடுதலாக நான்கு வாரம் கொடுங்கள் என்பேன். கோடை என்றால் வெயில் உங்களுக்காகப் பாதி வேலையைச் செய்துவிடும்.

தடுப்பூசி போட்ட மந்தைகள் இருக்கும் பகுதிகளில் வாசிப்பவர்களுக்கு ஒரு சொல். தடுப்பூசி போட்டாயிற்று, இனி எங்கும் நடக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வைரஸில் ஏழு வகைகள் உண்டு, ஒரு வகைக்கான தடுப்பூசி மற்றொன்றைத் தடுக்காது. தடுப்பாற்றல் சில மாதங்களில் குறைவதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். புதிதாகப் பிறந்த கன்றுக்கு இன்னும் ஊசி போட்டிருக்க மாட்டார்கள், கோமாரியில் முதலில் சாவதும் கன்றுகள்தான்.

பட்டிக்காரி:

கரைக்காவலன் ஐயா, என் கரையை எடுத்திருக்கும் சங்கத்துக்கும் உங்கள் முடிவை அனுப்பியிருக்கிறேன். வளையம் நீங்கியதும் அவர்களை நானே அழைப்பேன். மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் சரிவைக் கம்பியால் அடைத்துவிட்டு, கீழே பாலத்துப் பக்கம் தூண்டில்காரர்களுக்குத் தனியாக ஒரு படி வெட்டித் தரலாம் என்று இருக்கிறேன். அங்கே மாடு வராது, பட்டியைக் கடக்காமல் சாலையிலிருந்தே இறங்கலாம். கரையின் ஆழம் அந்த இடத்தில் மீனுக்குச் சரிப்படுமா என்று யாராவது சொல்லுங்கள்.

மிதவை:

பாலத்தூண்களின் நிழலில் நீர் சுழலும் என்றால் நன்றாகவே சரிப்படும். படியைத் தூணுக்கு நேரே வெட்டாமல் நீரோட்டத்தில் சற்றுக் கீழே தள்ளி வெட்டுங்கள்; ஆள் நிழல் சுழலில் விழக் கூடாது. வளையம் நீங்கியதும் படி வெட்ட ஆள் வேண்டுமானால் சங்கத்திடம் கேளுங்கள், புது பூட்ஸோடு வருவார்கள்.